கிழிக்காத அறுபது பைகள்

"கிழிச்ச பை எங்க?"

பல்கலைக்கழகத்தின் நாற்றுப் பண்ணையில் இந்தக் கேள்வி எழுந்துவிட்டால், எதிரில் நிற்பவர் வசமாக மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். அந்தத் திங்கட்கிழமை மாட்டியவன் நெட்டை. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், வாய் அதற்கும் மேல் வளர்ந்தது.

"நட்டது பன்னிரண்டு செடி. பை பதினொண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கடா?"

"காத்துல பறந்திருக்கும் மேஸ்திரி."

"காத்து வந்து கையை நீட்டி உன்கிட்ட வாங்கிட்டுப் போச்சா?"

"பின்ன நானா மென்னு முழுங்கினேன்? பசிச்சா கேன்டீன் இருக்கே."

சுற்றி நின்ற தோட்டக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மேஸ்திரி அடக்கவில்லை, ஏனென்றால் அவருக்குச் சிரிப்பே வரவில்லை. "பன்னிரண்டு குழியையும் தோண்டிப் பாரு. பையோட எந்தச் செடி இருக்கோ அதை எடுத்துக் கிழிச்சிட்டு மறுபடி நடு. அதுக்கப்புறம்தான் டீ" என்றார்.

சட்டம் அவர் போட்டதுதான். நாற்று கருப்பு பிளாஸ்டிக் பையில் வளரும். குழியில் வைக்கும் முன் அந்தப் பையைப் பிளேடால் கீறி உரித்துவிட வேண்டும். உரிக்காமல் வைத்தாலும் செடி வளரத்தான் செய்யும். அதுதான் அதிலுள்ள வஞ்சகம். வெளியே போக வழியில்லாத வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். மேலே பார்த்தால் மரம், கீழே பார்த்தால் பூந்தொட்டி. அதனால் நட்ட ஒவ்வொரு செடிக்கும் கிழிந்த பை ஒன்றைக் கொண்டுவந்து அவர் கண்ணில் காட்டியாக வேண்டும். எட்டு வருஷமாக இதுதான் நடைமுறை. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே 'பை மேஸ்திரி'.

இப்படி ஒரு சட்டம் அவருக்கு எங்கிருந்து தோன்றியது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

நெட்டை முணுமுணுத்தபடி மண்வெட்டியை எடுத்த நேரத்தில் மேஸ்திரியின் போன் அடித்தது. நூலக வாசல் வாட்ச்மேன்.

"மேஸ்திரி, ஓடி வாங்க! அறுபது மரத்துல ஒண்ணு சாஞ்சிருச்சு!"

"லாரி இடிச்சிருச்சா?"

"லாரியும் இல்ல, காத்தும் இல்ல. சும்மா நின்னுட்டிருந்தது, அப்படியே படுத்திருச்சு. அதுக்கடியில ரெண்டு பொண்ணுங்க உக்காந்து படிச்சிட்டிருந்தாங்க. அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் டீ குடிக்க எந்திரிச்சுப் போச்சுங்க. அந்தப் புண்ணியம் டீக்குத்தான்."

மேஸ்திரி போனைக் கூட அணைக்காமல் ஓடினார்.

பிரதான வாசலிலிருந்து நூலகம் வரை போகும் சாலைக்கு 'அறுபது மரம்' என்று பெயர். இந்தப் பக்கம் முப்பது, அந்தப் பக்கம் முப்பது, எல்லாம் தூங்குமூஞ்சி மரங்கள். பல்கலைக்கழகத்தின் காலண்டரில் அந்தச் சாலை உண்டு, விளம்பரத்தில் உண்டு, புதிதாகச் சேரும் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு எடுத்துக்கொள்ளும் முதல் போட்டோவில் உண்டு. அதை உண்டாக்கியவர் மேஸ்திரி. அவருக்கு வேலை நிரந்தரமானதே அந்த அறுபது மரத்தால்தான்.

அவர் போய்ச் சேர்ந்தபோது இருபத்திமூன்றாம் எண் மரம் சாலைக்குக் குறுக்கே நீட்டிப் படுத்திருந்தது. இரண்டு சைக்கிள்கள் அதனடியில் அப்பளமாகிக் கிடந்தன. கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் கிளையைப் பார்த்தார்கள், சைக்கிளைப் பார்த்தார்கள். மேஸ்திரி மட்டும் அடியைப் பார்த்தார்.

சாதாரணமாக விழுந்த மரம் என்றால் வேர், விரல்கள் மாதிரி நாலாபக்கமும் விரிந்து பிய்ந்திருக்க வேண்டும். இங்கே உருண்டையாக, கயிறு சுற்றிய பந்து போல ஒரு மொத்தை. அதன் மடிப்புகளுக்கு நடுவே கருப்பாக, சுருங்கி, பளபளவென்று பிளாஸ்டிக்.

"எல்லாரும் தள்ளிப் போங்க! பக்கத்து மரமும் சாயும்!" என்று கத்தினார். கூட்டத்தை விலக்கத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் சொன்னது அத்தனையும் நிஜம் என்பது அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாட்ச்மேனைச் சாலையை மறிக்க அனுப்பினார். பின்னாலேயே ஓடி வந்த நெட்டையைக் கயிறு எடுத்துவர விரட்டினார். பிறகு குழிக்குள் இறங்கி, இடுப்பிலிருந்த கத்தியால் வேர்களுக்கு நடுவே விறுவிறுவென்று அறுத்தார். கைக்கு வந்த பிளாஸ்டிக்கையெல்லாம் சுருட்டிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். ஐம்பத்துநாலு வயதில், பட்டப்பகலில், பதினொரு மணிக்கு, ஒரு திருடனைப் போல.

ஒன்பது வருஷத்துக்கு முன் நூலகத் திறப்பு விழா. பெரிய விருந்தினர் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு அந்தச் சாலை வழியாக வருகிறார். முந்தின நாள் மத்தியானம் வர வேண்டிய நாற்று லாரி சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. அறுபது நாற்று, ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். வழியெல்லாம் குலுங்கியதில் பையிலிருந்த மண் பொலபொலவென்று ஆகியிருந்தது. பையைக் கிழித்தால் மண் உதிரும், வேர் வெளியே தெரியும், விடிவதற்குள் அறுபதும் தலையைத் தொங்கப் போட்டுவிடும். "நாளைக்கு ஒரு செடி வாடியிருந்தாலும் நீ வேற வேலை பாத்துக்கோ" என்று அப்போதிருந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். மேஸ்திரி அன்றைக்குத் தற்காலிக ஆள். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண்.

ஒருநாள் கூலிக்கு வந்தவர்களில் ஒருவர் நாற்றைத் தூக்கியபடி, "பையை என்ன பண்றது?" என்று கேட்டார்.

"அப்படியே வை" என்றார் மேஸ்திரி.

அடுத்த வாரம் ஒவ்வொன்றாக எடுத்துக் கிழித்துவிடலாம் என்பதுதான் எண்ணம். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் விளையாட்டு மைதானத்தில் புல் போடும் வேலை. அதற்குள் வேலை நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. மூன்றாம் மாதம் அறுபதும் புதுத் துளிர் விட்டன. 'தப்பிச்சிருச்சு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் கூலியாட்கள் எந்த ஊருக்குப் போனார்களோ, யார் கண்டது? மறு வருஷம் பைச் சட்டம் வந்தது.

சட்டைக்குள் ஈரப் பிளாஸ்டிக் உறுத்த, அவர் குழியிலிருந்து மேலே ஏறினார். எதிரில் தோளில் தண்ணீர்க் குழாயோடு சம்பந்தியம்மா நின்றிருந்தாள்.

அவள் அவருடைய பெண்ணின் மாமியார். தோட்டப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கல்யாணச் சம்பந்தம் மூன்று வருஷமாகத்தான். வளாகத்துக்குள் இருக்கும்வரை அவரை 'மேஸ்திரி' என்பாள். வாசலைத் தாண்டிவிட்டால் 'சம்பந்தி'. "உள்ள நீங்க என்னைத் திட்டலாம், வெளிய நான் உங்களைத் திட்டலாம். கணக்கு நேராயிடும்" என்று சிரிப்பாள். அறுபது மரத்துக்கும் தண்ணீர் விடுவது அவள் வேலை. எண்ணை வைத்தே மரங்களைப் பிள்ளைகள் மாதிரி பேசுவாள். 'ஏழு ரொம்ப அடம்', 'நாற்பத்தொண்ணு சமத்து' என்று.

"ஐயோ, என் இருபத்திமூணு" என்றாள். "காலைல கூடத் தண்ணி விட்டேனே இதுக்கு. நல்லாத்தானே இருந்தது?"

அந்தச் சமயம் பார்த்துத்தான் எஸ்டேட் ஆபீசர் வந்து சேர்ந்தார். வளாகத்தின் கட்டடம், தண்ணீர், தோட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. வந்து எட்டு மாதமாகிறது. மரம் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது பச்சையாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். குழியை எட்டிப் பார்த்தார். ஈர மண்ணை ஷூ நுனியால் கிளறினார்.

"இவ்வளவு ஈரமா இருக்கு? யாரு தண்ணி விடறது?"

"நான்தாங்க" என்றாள் சம்பந்தியம்மா.

"எவ்வளவு நேரம்?"

"சொன்னது கால் மணி நேரம்ங்க. வெயில் கொளுத்துது பாருங்க, பாவமா இருக்கும். அரை மணி நேரம் கூட விட்டிருக்கேன்."

ஆபீசர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். "தண்ணி அதிகமானா வேர் அழுகிடும். இல்லையா மேஸ்திரி?"

அது ஒரு சாதாரணக் கேள்வி. தோட்ட வேலை பழகும் எவனும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் விஷயம். மேஸ்திரி இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் பதில் சொன்னார்.

"அழுகும் சார்."

பொய் இல்லை. அதில் ஓர் எழுத்து கூடப் பொய் இல்லை. அதனால்தான் அது அத்தனை சுலபமாக வாயிலிருந்து வந்தது. சம்பந்தியம்மா தோளிலிருந்த குழாயை மெல்லக் கீழே இறக்கினாள். இறக்கிய விதம், கையிலிருந்த குழந்தையைத் தவறவிட்டுவிட்டவள் போல் இருந்தது.

சட்டைக்குள் இருந்ததை இலைக் குப்பை மட்கும் குழியின் அடியில் புதைத்துவிட்டு அவர் கை கழுவினார். இலை மட்கிவிடும். அது மட்காது. எத்தனை வருஷமானாலும் மட்காது என்று புதுத் தோட்டக்காரர்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான்.

மறுநாள் சாயங்காலம் சம்பந்தியம்மா வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கவர். மேஸ்திரியின் மனைவி, "வாங்க அண்ணி, வாங்க. என்ன முகமெல்லாம் வாடிக் கிடக்கு?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"விளக்கம் எழுதித் தரணுமாம் அண்ணி. மரம் ஏன் விழுந்ததுன்னு. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், லெட்டரெல்லாம் எங்க எழுதறது? பையன்கிட்டக் கேக்க வெக்கமா இருக்கு. அதான் சம்பந்திகிட்டயே வந்துட்டேன்."

மேஸ்திரி நிமிர்ந்தார். "நானா?"

"நீங்கதான். மரத்தோட விவரமெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்? ஒண்ணும் மழுப்ப வேணாம் சம்பந்தி. தப்பு என்னோடதுன்னே எழுதுங்க."

"அப்படியெல்லாம் அவசரப்பட்டு..."

"அவசரம் என்ன இருக்கு? நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். நீங்க கால் மணி நேரம்னுதானே சொன்னீங்க? நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி அரை மணி நேரம் விட்டேன். ரெண்டு பொண்ணுங்க அடியில இருந்ததுங்களாம். டீ குடிக்கப் போகலன்னா?" அவள் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். "என் கையாலயே ரெண்டு பிள்ளைங்களை..."

"அதான் ஒண்ணும் ஆகலையே அண்ணி" என்று மனைவி அவள் முதுகைத் தடவினாள். பிறகு கணவனைப் பார்த்து, "என்னங்க மரம் மாதிரி உக்காந்திருக்கீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

அவர் சொல்லியிருக்கலாம். அறையில் மூன்றே பேர், மூன்று பேரும் உறவு. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாக்கு நுனிவரை வந்தது. அப்புறம் என்ன நடக்கும் என்று ஒரு கணம் யோசித்தார். யோசித்த அந்த ஒரு கணம்தான் எமன். வேலை போகும், பெயர் போகும், பெண் வாழப்போன வீட்டில் தலைகுனிவு. வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது.

பேனாவை எடுத்தார். 'வெயில் அதிகமாக இருந்தபடியால், கூறப்பட்ட அளவைவிட அதிகமாகத் தண்ணீர் விட்டேன். அதனால் வேர் அழுகி மரம் விழுந்ததற்கு நானே பொறுப்பு' என்று அழகாக, கோணல் இல்லாமல் எழுதினார். அவர் எழுத்து எப்போதுமே முத்து முத்தாக இருக்கும். சம்பந்தியம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். போட்டு முடித்ததும், "பெரிய உதவி சம்பந்தி" என்று கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடு அவருக்குச் செருப்படியாக விழுந்தது. அதை அவர் வாங்கிக்கொள்ளவும் செய்தார்.

புதன்கிழமை உத்தரவு வந்தது. சம்பந்தியம்மாவை அறுபது மரத்திலிருந்து எடுத்து விடுதியின் பின்பக்கம் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போட்டார்கள். மாதக் கடைசியில் அவள் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுவது சந்தேகம் என்று பேச்சு. அறுபது மரத்துக்குத் தண்ணீர் விடுவதையே ஆபீசர் நிறுத்திவிட்டார். சனிக்கிழமை பட்டமளிப்பு விழா. வரும் பெற்றோர்கள் நிழலில் உட்காரட்டும் என்று அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் ஐந்நூறு நாற்காலி போடவும் உத்தரவாகியிருந்தது.

ஆபீசர் அறையில் நாற்காலி என்ற சொல்லைக் கேட்டதும் மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். "மரத்தடியில வேணாம் சார். வெயில் சாய்ஞ்சா நிழல் தள்ளிப் போயிடும்."

"காலைல தானே விழா? நிழல் எங்கயும் போகாது. எதுக்கு மேஸ்திரி வேர்க்குது உங்களுக்கு?"

"வெயில் சார்" என்று உட்கார்ந்தார். மின்விசிறி அவர் தலைக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் மகள் போன் செய்தாள். "அப்பா, அத்தை ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல. யார்கிட்டயும் பேச மாட்டேங்கறாங்க. என் முகத்தைப் பாத்துப் பேசவே கூச்சப்படறாங்கப்பா. 'உங்கப்பா கட்டின பேரை நான் கெடுத்துட்டேன்மா'ன்னு சொல்றாங்க. நீங்க வந்து ரெண்டு வார்த்தை ஆறுதலா சொல்லுங்களேன்."

"சொல்றேம்மா."

"உங்க பேச்சுன்னா கேப்பாங்க."

"சொல்றேன்னேன்ல!" என்று எரிந்து விழுந்து போனை வைத்தார். அவர் வெட்கத்தை அவள் எடுத்துச் சுமந்துகொண்டிருக்கிறாள். வேறொருவர் சட்டையைத் தெரியாமல் மாட்டிக்கொண்டது மாதிரி, அது தனக்குப் பொருந்துகிறதா என்று கூடப் பார்க்காமல். சட்டைக்குச் சொந்தக்காரன் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான்.

வியாழக்கிழமை விடிந்ததும், வேலையாட்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் அறுபது மரத்துக்குப் போனார். விழுந்த மரத்தின் பக்கத்து மரம், இருபத்திநாலு. நல்ல பருமன். இரண்டு கையையும் தண்டில் வைத்துத் தன் பாரத்தையெல்லாம் போட்டுத் தள்ளினார். மரம் அசைந்ததாகத் தெரியவில்லை. குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டே மறுபடி தள்ளினார். மறுபக்கத்து மண் ஒரு வட்டமாக மெல்ல எழுந்தது. கையை எடுத்ததும் அடங்கியது. தூங்குகிறவனின் மூச்சு மாதிரி.

அந்த எழும்பிய மண்ணுக்கு ஒரு முழம் தள்ளி முதல் வரிசை நாற்காலிகள் கொண்டுவந்து அடுக்கப்பட்டிருந்தன.

பண்ணைக்குப் போய்க் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துவந்து தோண்ட ஆரம்பித்தார். ஏழு மணிக்கு நெட்டை வந்தான், அவனைத் தொடர்ந்து மற்றவர்கள்.

"என்ன மேஸ்திரி, நீங்களே இறங்கிட்டீங்க? புதையலா?"

"கூப்பிடுடா எல்லாரையும். விடுதிப் பக்கம் போய்ச் சம்பந்தியம்மாவையும் கூட்டிட்டு வா."

"ஆபீசர் அவங்களை இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு..."

"நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

அவர்கள் கூடும்போது குழி இடுப்பளவுக்கு வந்திருந்தது. காலை வகுப்புக்குப் போகும் மாணவர்களும் நின்று பார்த்தார்கள். வழக்கம்போல் சிலர் போனை நீட்டினார்கள். சம்பந்தியம்மா துடைப்பத்தோடு வந்து கடைசியில் ஒதுங்கி நின்றாள். மேஸ்திரி குழிக்குள்ளிருந்து கையால் மண்ணை வழித்து விலக்கினார். வேர்ப் பந்தின் பக்கவாட்டில் கருப்பு பிளாஸ்டிக் தெரிந்தது. அதன் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்துக் கிழித்து மேலே நீட்டினார்.

முதலில் புரிந்தது நெட்டைக்கு. "மேஸ்திரி... பையோட நட்டிருக்கு."

"ஆமா."

"யாரு நட்டது?"

"நான்தான். அறுபதும் அப்படித்தான். விருந்தாளி வர்றதுக்குள்ள வாடிடும்னு பையைக் கிழிக்காம வைக்கச் சொன்னேன். இருபத்திமூணும் அதாலதான் விழுந்தது. தண்ணியால இல்ல." கையிலிருந்த பையைக் குழியின் விளிம்பில் வைத்தார். "அன்னிக்குக் குழில இருந்த பிளாஸ்டிக்கை நான் எடுத்து மறைச்சிட்டேன்."

பன்னிரண்டு தோட்டக்காரர்கள். ஒரு கிழிந்த பைக்காக அவரிடம் திட்டு வாங்காதவர், டீயை இழக்காதவர் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் கூட இல்லை. யாராவது ஒருவர் கேலியாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று அவருக்கு இருந்தது. நெட்டை கூடத் தலைகுனிந்து தன் காலைப் பார்த்தான். அவருக்காக அவன் வெட்கப்படுகிறான் என்று தெரிந்தபோது, கேலியே எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

சம்பந்தியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழியின் விளிம்புக்கு வந்தாள்.

"அன்னிக்கு உங்க வீட்டுல நான் கையெழுத்துப் போட்டப்போ, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க எழுதறப்பவே?"

"எழுதறப்பவே."

அவள் துடைப்பத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

விஷயம் எட்டி, எஸ்டேட் ஆபீசர் காரை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "என்ன மேஸ்திரி இது? நாளன்னைக்கு விழா வெச்சுக்கிட்டு! விழா முடிஞ்சு பாத்துக்கக் கூடாதா? ஒன்பது வருஷம் நின்ன மரம் ரெண்டு நாள் நிக்காதா?"

"இருபத்திமூணும் ஒன்பது வருஷம் நின்னதுதான் சார்."

ஆபீசர் குழியருகே வந்து, மேஸ்திரி காட்டிய இடத்தில் கை வைத்துத் தண்டைத் தள்ளிப் பார்த்தார். மண் எழும்பியதைப் பார்த்ததும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "நாற்காலியை எல்லாம் எடுங்க. மொதல்ல எடுங்க!" என்று கத்திவிட்டு, மேஸ்திரியிடம் திரும்பினார். "நீங்க ஆபீசுக்கு வாங்க. நடந்ததை எழுத்துல குடுங்க. என்ன ஆகும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"தெரியும் சார்."

அலுவலகத்தில் மேஸ்திரி மண் கையோடு உட்கார்ந்து எழுதினார். தோட்டக்காரர்கள் வராந்தாவில் நின்றார்கள். சம்பந்தியம்மா மட்டும் யாரிடமும் கேட்காமல் உள்ளே வந்து மேஜைக்கு எதிரில் நின்றாள். ஆபீசர் அவளைப் போகச் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டியபோது அவள் கேட்டாள்: "என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

அவர் படித்தார். லாரி தாமதமாக வந்தது, பையோடு நடச் சொன்னது, அறுபது மரத்தின் நிலை, விழுந்த குழியிலிருந்து பிளாஸ்டிக்கை எடுத்து மறைத்தது, தண்ணீர் விட்டவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்பது. ஒன்றையும் விட்டதாக அவருக்குத் தோன்றவில்லை. படித்து முடித்தபோது மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி கூடத் தலைகாட்டியது.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள் சம்பந்தியம்மா. "இதுல என் லெட்டர் எங்க?"

"அதான், உங்க மேல தப்பில்லன்னு..."

"அது சரி. என் லெட்டரை யாரு எழுதினதுன்னு இதுல இல்லையே?"

ஆபீசர் நிமிர்ந்தார். கோப்பைத் திறந்து செவ்வாய்க்கிழமைக் கடிதத்தை எடுத்து, மேஜையிலிருந்த காகிதத்தின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே எழுத்து. முத்து முத்தாக. அவர் மேஸ்திரியைப் பார்த்த பார்வையில் கோபம் கூட இல்லை. அருவருப்பு மட்டும்தான் இருந்தது.

மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தின தப்பைப் பத்து பேர் முன்னால் கத்திச் சொல்ல அவரால் முடிந்தது. அது வறுமை, பயம், அவசரம் என்று யாராவது இரக்கப்படக்கூடிய தப்பு. செவ்வாய்க்கிழமை நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்து செய்தது அப்படி இல்லை. எழுதும்போது கை அதைத் தானாகத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

"நான்தான் சார் எழுதினேன்" என்றார்.

"வாயால வேணாம் மேஸ்திரி" என்றாள் அவள். "அதுலயே எழுதுங்க. அந்த லெட்டரை மூணு நாளா நான் நெஞ்சுல வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். வீட்டுல உங்க பொண்ணு சோத்தைத் தட்டுல வெச்சா, அவ மூஞ்சியைப் பாக்க முடியாம எந்திரிச்சுப் போனேன். அதெல்லாம் எழுதச் சொல்லல. யாரு எழுதினதுன்னு மட்டும் எழுதுங்க."

மேஸ்திரி காகிதத்தைத் திரும்ப இழுத்து வைத்துக்கொண்டார். 'அவருடைய விளக்கக் கடிதத்தை எழுதியது நான். எழுதும்போதே உண்மை எனக்குத் தெரியும். அவர் என்னை நம்பிக் கேட்டார், நான் எழுதிக் கொடுத்தேன்.' எழுத்து முதல் தடவையாகக் கோணிக்கொண்டு போனது.

சம்பந்தியம்மா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த மூன்று வரிகளின் கீழே விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அவசரமில்லை. ஓர் எழுத்து புரியாமல் நின்றாள். அது என்னவென்று அவரையே கேட்டாள். அவர் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு மேலே போனாள். ஆபீசரும் காத்திருந்தார், வராந்தாவும் காத்திருந்தது. அந்த விரல் காகிதத்தின் மேல் நகர நகர, அது எப்போது கடைசி எழுத்துக்கு வந்து சேரும் என்று பார்த்தபடி மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.